ஃபேன் சுத்துது, ஆனா வண்டி ஹீட் ஆகுது: ஒரு பழைய ஹேட்ச்பேக் கேஸ்

வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், பத்து வருஷத்துக்கு மேல ஓடினது, கோயம்புத்தூர்லயே இருக்கற வண்டி. கம்ப்ளைண்ட் கேட்டா ரொம்ப சாதாரணமா இருக்கும். சிக்னல்ல நின்னா டெம்பரேச்சர் முள் ஏறுது, வண்டி நகர்ந்துட்டா இறங்குது, ஏசி போட்டுட்டு நின்னா கொஞ்ச நேரத்துல ஏசி வெறும் காத்தா அடிக்குது, மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறுல இருந்து குன்னூர் ரோட்ல ஏற ஆரம்பிச்சா பர்லியார் வர்றதுக்குள்ள முள் சிவப்பு கோட்டுக்கு பக்கத்துல போய் நிக்குது.

என்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே இந்த வண்டிக்கு ஏகப்பட்ட வைத்தியம் நடந்திருக்கு. கூலன்ட் மாத்தியாச்சு, ரேடியேட்டர் கேப் புதுசு, ஃபேன் ரிலே (சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்டை ஆன் பண்ற சுவிட்ச்) ஒரு தடவைக்கு மேலயே மாத்தியிருக்காங்க, தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகற வரைக்கும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாம பிடிக்கற வால்வு) கழட்டி வீசியாச்சு, இதெல்லாம் பண்ணியும் தீராததால கடைசியா ஸ்டியரிங்குக்கு கீழ ஒரு டாகிள் சுவிட்ச் வச்சு ஃபேனுக்கு டைரக்ட் லைன் குடுத்து "சூடானா இதை போட்டுக்கங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஓனர் ரிட்டயர்ட் வாத்தியார். எல்லாத்தையும் வரிசையா ஒரு நோட்டுல எழுதியே வச்சிருந்தார், அது எனக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு.

"தம்பி, ஃபேன் ஓடுது, நானே பானட்டை தூக்கி பாத்துட்டேன், அப்புறம் ஏன் ஹீட் ஆகுது?"ன்னு கேட்டார். இந்த கேஸ் முழுக்க அந்த ஒரு கேள்விக்குள்ளதான் இருக்கு. ஃபேன் சுத்துறதை எல்லாரும் பாத்திருக்காங்க, அது எத்தனை வோல்ட்ல சுத்துது, எத்தனை ஆம்பியர் இழுக்குதுன்னு மட்டும் யாரும் பாக்கல.

முதல்ல ஒண்ணு. ஹீட் ஆகற வண்டி வந்தா எங்க ஹீட் ஆகுதுன்னு கேக்கறதுலயே பாதி வேலை முடிஞ்சிரும். அறுபது எழுபதுல போகும்போது எதிர் காத்தே ரேடியேட்டருக்கு போதும், ஃபேன் இல்லாமயே சமாளிச்சுக்கும். அந்த வேகத்துல போயும் ஹீட் ஆகுதுன்னா ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், திறக்காத தெர்மோஸ்டாட், ஹெட் கேஸ்கட் பக்கம் போகணும். நின்னா மட்டும் ஏறுது, ஓடினா இறங்குதுன்னா நேரா ஃபேன்தான். மலை ஏத்தம் ரெண்டுக்கும் நடுவுல இருக்கற கேஸ், இன்ஜின் முழு பாரம் இழுக்குது, ஆனா வண்டி ரெண்டாவது கியர்ல மெதுவா போறதால காத்து கிடையாது, ஃபேனை நம்பித்தான் எல்லாமே. ஏசி சிக்னல்ல வெறும் காத்து அடிக்கறதும் அதே கதைதான், ஏசி கேஸை ஆற வைக்கற கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னாடியே இருக்கு, ரெண்டுக்கும் ஒரே ஃபேன். கண்டென்சருக்கு காத்து இல்லைன்னா கேஸ் பிரஷர் ஏறும், கூலிங் போயிரும். ஏசி மெக்கானிக்கிட்ட போய் கேஸ் ரொப்பிட்டு வர்ற வண்டிகள்ல கொஞ்சத்துக்கு உண்மையான வியாதி ஃபேன்தான்.

இன்ஜின் ஆறினதுக்கு அப்புறம்தான் கேப்பை திறந்தேன். சூட்டுல திறந்து முகத்துல வாங்கினவங்க கதை நம்ம ஊர்ல ஒர்க்‌ஷாப்புக்கு ஒண்ணு இருக்கும். பிரஷர்ல இருக்கற வரைக்கும் 100 டிகிரிக்கு மேலயும் கொதிக்காம இருக்கற தண்ணி, கேப் திறந்த அந்த நொடியே ஆவியா பொங்கி வெளிய வந்துரும். கூலன்ட் அளவு சரியா இருந்துச்சு, கொஞ்ச நாளா டாப் அப் பண்ணவே இல்லைன்னு நோட்டுலயும் இருக்கு, ரிசர்வ் டேங்க்ல குமிழி வரல, சைலன்சர்ல வெள்ளை புகை இல்ல. ஹெட் கேஸ்கட் பயம் அதோட போச்சு. ரேடியேட்டர், கண்டென்சர் ஃபின் எல்லாம் கொஞ்சம் பூச்சி ஒட்டியிருந்துச்சே தவிர அடைப்புன்னு சொல்ற மாதிரி இல்ல.

வண்டி கம்ப்யூட்டர்ல இருந்து ரீடிங் எடுக்கற ஓபிடி ஸ்கேனரை மாட்டி லைவ் டேட்டா போட்டுட்டு ஒரு ரவுண்டு அவினாசி ரோட்ல போயிட்டு வந்தோம். ரோடு ஃப்ரீயா இருந்த இடத்துல 70, 72 டிகிரிக்கு மேல போகவே இல்ல, தெர்மோஸ்டாட் இல்லைங்கறது அதுலயே தெரிஞ்சு போச்சு, ஈசியு (இன்ஜினை கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) மெமரிலயும் பி0128ங்கற பழுது கோடு இருந்துச்சு, அதாவது இன்ஜின் இருக்க வேண்டிய சூட்டுக்கு வர மாட்டேங்குதுன்னு அர்த்தம். அதே வண்டி திரும்பி வந்து ஏசி போட்டு நின்னா 104, 105ன்னு ஏறுது. ஓடினா ஜலதோஷம் நின்னா காய்ச்சல். தெர்மோஸ்டாட்டை கழட்டினா ஹீட் ஆகாதுன்னு ஒரு நம்பிக்கை நம்ம பக்கம் ரொம்ப நாளா இருக்கு, ஆனா நின்ன வண்டில ரேடியேட்டர் சூட்டை வெளிய எடுத்துட்டு போக காத்து இல்லாதப்போ வால்வு இருந்தா என்ன இல்லாட்டி என்ன. லாபம் ஒண்ணும் இல்ல, மைலேஜ் குறைஞ்சதுதான் மிச்சம்.

சென்சார் பொய் சொல்லுதான்னு ஒரு சந்தேகம் எப்பவும் இருக்கணும். தெர்மோஸ்டாட் ஹவுசிங் மேல இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை காட்டிப் பாத்தேன், ஸ்கேனர்ல வர்றதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. ஈசியு பக்கத்தை சுலபமா செக் பண்ண ஒரு வழி இருக்கு, இன்ஜின் ஓடும்போது கூலன்ட் சென்சார் கப்ளரை உருவிட்டா நிறைய வண்டில ஈசியு பயந்து போய் ஃபேனை ஃபுல் ஸ்பீட்ல போட்டுரும். இந்த வண்டியும் போட்டுச்சு. அப்ப ஈசியு சொல்ற வேலையை ஒழுங்கா சொல்லுது, சென்சாரும் சரி, ஸ்கேனர்லயும் ஏசி ஆன்ல ஃபேன் லோ ஆன், சூடு ஏறினா ஹை ஆன்னு கட்டளை சரியா வருது. பழுது ஈசியுக்கு அந்தப் பக்கம், ரிலேல இருந்து மோட்டார் வரைக்கும்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், ஃபேனுக்குன்னு பி0480 மாதிரி எந்த கோடும் இந்த வண்டில வரல, அதை வச்சு முன்னாடி பாத்தவங்க "கரண்ட் சைடு ஓகே"ன்னு முடிவு பண்ணிட்டாங்க. அந்த கோடு ரிலே காயில் சைடுக்கு மட்டும்தான். ரிலேல 85, 86 நம்பர் பின்னுக்கு நடுவுல இருக்கற காயில் அறுந்தா, ஷார்ட் ஆனா ஈசியுக்கு தெரியும். 30ல இருந்து 87க்கு போய் மோட்டார் வழியா எர்த்துக்கு (பாடி வழியா பேட்டரி மைனஸுக்கு) போற பெரிய கரண்ட் லைன்ல என்ன நடக்குதுன்னு இந்த மாதிரி வண்டில ஈசியுக்கு தெரியவே தெரியாது. மோட்டாரே இல்லாம கழட்டி வச்சாலும் ஃபேன் ஆன்னுதான் ஸ்கேனர் காட்டும்.

அடுத்தது ஃபேனை பாத்தேன். இந்த வண்டில ஒரே ஃபேன், ரெண்டு ஸ்பீடு. லோ ஸ்பீடுக்கு ஃபேனை சுத்தி இருக்கற கூட்டுல (கவுல்) ஒரு ரெசிஸ்டர் வழியா கரண்ட் போகும், ஹை ஸ்பீடுக்கு நேரா போகும். ஏசி போட்டா லோ ரிலே டக்குன்னு அடிக்குது, ஃபேன் அசையவே இல்ல. ரெசிஸ்டர் ஓபன், அதாவது உள்ள அறுந்து போச்சு. அதனால சூடு 100ஐ தாண்டி ஹை ரிலே ஆன் ஆகி விழற வரைக்கும் ஃபேனே கிடையாது, சிக்னல்ல ஏசி போறதுக்கு காரணம் இதுதான். சரி, ஹை விழுந்தப்புறமாவது இறங்கணும்ல, இறங்கல. சார் பாத்ததா சொன்னது இந்த ஹை ஸ்பீடைத்தான்.

ஒரு நியூஸ்பேப்பர் தாளை எடுத்து பம்பர் கிரில்லுக்கு பின்னாடி கண்டென்சர் முன்னால பிடிச்சேன். ஃபேன் இன்ஜின் பக்கம் இருந்துகிட்டு வெளிக்காத்தை உள்ள இழுக்கணும், தாள் கண்டென்சர்ல போய் ஒட்டிக்கணும். ஒட்டல, லேசா ஆடி கீழ விழுந்துச்சு. "பாருங்க சார், சுத்துது, இழுக்கல"ன்னு காட்டினேன். வீட்லயே யார் வேணா பண்ணிப் பாக்கலாம் இதை, கையை மட்டும் பானட்டுக்குள்ள ஃபேன் பக்கம் விடக்கூடாது, சில வண்டில சாவி எடுத்த பின்னாடியும் சூட்டுக்கு ஃபேன் திடீர்னு கிளம்பும்.

இனிமேதான் மீட்டர் வேலை. ஃபேன் கப்ளரை உருவிட்டு அதுல மல்டிமீட்டர் வச்சா 13.8 வோல்ட் காட்டுது. முன்னாடி பாத்த எலக்ட்ரீஷியனும் இதைத்தான் பாத்திருக்கார், கரண்ட் வருது மோட்டாரும் சுத்துது, அப்புறம் என்னன்னு விட்டுட்டார். லோடு இல்லாம எடுக்கற வோல்ட்டேஜை நான் நம்பறதே இல்ல. மல்டிமீட்டர் இழுக்கற கரண்ட் ஒண்ணுமே இல்ல, ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருக்கற வயர்ல கூட அது பேட்டரி வோல்ட்டேஜை அப்படியே காட்டும். கப்ளரை திருப்பி மாட்டிட்டு, பின்பக்கமா ஊசி விட்டு, ஃபேன் ஓடும்போதே எடுத்தேன். மோட்டார் ரெண்டு முனைக்கும் நடுவுல 10.1 வோல்ட். அதே நேரத்துல பேட்டரில 14.0. கிட்டத்தட்ட நாலு வோல்ட் வழியிலயே காணாம போகுது.

எங்க போகுதுன்னு கண்டுபிடிக்கறது கஷ்டமே இல்ல, ஃபேன் ஓடிட்டே இருக்கணும், அவ்வளவுதான். பேட்டரி பிளஸ்ல ஒரு புரோப், மோட்டார் பிளஸ் பின்ல ஒரு புரோப் வச்சா வழியில விழற வோல்ட்டேஜ் (டிராப்) மீட்டர்ல வந்துரும், 1.5 வோல்ட். அதுல பெரும்பகுதி ரிலே சாக்கெட்ல, 30 நம்பர் டெர்மினல்ல. சாக்கெட்டை கழட்டி பின்னாடி பாத்தா பிளாஸ்டிக் பழுப்பு கலர்ல வெந்து போயிருக்கு, டெர்மினல் பிடி தளர்ந்திருக்கு. புது ரிலேவை அதே வெந்த சாக்கெட்ல சொருகிட்டே இருந்திருக்காங்க, அதுவும் சூடாகி கருகிட்டே இருந்திருக்கு. அடுத்து மோட்டார் மைனஸ்ல ஒரு புரோப், பேட்டரி மைனஸ்ல ஒரு புரோப். 2.4 வோல்ட். எர்த்துலதான் பெரிய ஓட்டை. நல்ல லைன்ல இந்த ரெண்டும் சேர்ந்தே அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும், ஒரு தனி ஜாயிண்ட்ல 0.2க்கு மேல போனாலே எனக்கு சந்தேகம் வந்துரும்.

எர்த் போல்ட் பேட்டரி டிரேக்கு கீழ, பாடில இருக்கு. கழட்டினா லக்குக்கு (வயர் முனையில இருக்கற வளையம்) அடியில பச்சையும் வெள்ளையுமா பூத்துப் போயி, பாடி பக்கம் துரு. பேட்டரில இருந்து வர்ற ஆசிட் ஆவி, மழைத்தண்ணி எல்லாம் அங்கதான் இறங்குது. அந்த வயரை ஓம் மீட்டர் வச்சு பாத்திருந்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, ஏன்னா வயரை கவ்விப் பிடிச்சு ஆம்பியர் பாக்கற டிசி கிளாம்ப் மீட்டர்ல அப்ப கரண்ட் 16 ஆம்பியர், 2.4ஐ 16ஆல வகுத்தா 0.15 ஓம், சாதாரண மல்டிமீட்டர் ஒயரோட சொந்த ரெசிஸ்டன்ஸே 0.2, 0.3 வந்துரும். ஆனா அந்த 0.15 ஓம்ல எரியற சூடு 2.4 பெருக்கல் 16, 38 வாட். நாம ஈயம் வைக்கற சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். ஒரு போல்ட்டுக்கு அடியில அதை விட பெரிய அயர்னை ஃபேன் ஓடற வரைக்கும் ஆன்ல வச்சிருக்கற மாதிரி.

இங்கயே நிறுத்தி எர்த்தை சுரண்டி சாக்கெட்டை மாத்தி வண்டியை குடுத்திருக்கலாம், ஃபேன் நல்லாவே சுத்தியிருக்கும், கொஞ்ச நாளைக்கு. ஆனா அந்த 16 ஆம்பியர் எனக்கு உறுத்திட்டே இருந்துச்சு. இந்த சைஸ் மோட்டார் ஃபுல் வோல்ட்டேஜ்ல 10, 12 ஆம்பியர் பக்கம்தான் இழுக்கணும். ஃபேன் இறக்கை காத்தை தள்ளற வேலைக்கு வேகம் குறைஞ்சா பாரமும் குறையும், அதனால வோல்ட்டேஜ் குறைஞ்சா கரண்ட்டும் குறையணும். இங்க வோல்ட்டேஜ் 10, கரண்ட் 16. உள்ள ஏதோ பிடிக்குது. பேட்டரில இருந்து தடி வயர் ரெண்டை எடுத்து, நடுவுல 30 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு மோட்டாருக்கு நேரா குடுத்து பாத்தேன், 19 ஆம்பியர், கூடவே ஒரு கரகர சத்தம். இறக்கையை கையால சுத்தினா ஒரு இடத்துல பிடிச்சு பிடிச்சு போகுது, தண்டை மேல கீழ ஆட்டினா ஆட்டம் தெரியுது.

மோட்டாரை இறக்கி பிரிச்சேன். தண்டை தாங்கற புஷ் ஒரு பக்கமா தேஞ்சு ஓவல் ஆகிருக்கு, உள்ள சுத்தற ஆர்மேச்சர் சாஞ்சு மேக்னட்டை உரசின தடம் இருக்கு, அதுக்கு கரண்ட் குடுக்கற கார்பன் கால்வாசிதான் மிச்சம், கார்பன் உரசற கம்யூட்டேட்டர்ல பள்ளம். அப்பதான் எல்லாமே ஒரே கோட்டுல வந்துச்சு. புஷ் தேஞ்சதால மோட்டார் பிடிச்சுது, பிடிச்சதால கரண்ட் கூடுச்சு, கூடின கரண்ட் வழியில எந்த ஜாயிண்ட் வீக்கோ அதை சுட்டுச்சு, ரிலே சாக்கெட் ஒண்ணு, ஏற்கனவே துரு பிடிக்க ஆரம்பிச்ச எர்த் ஒண்ணு, லோ ஸ்பீடு ரெசிஸ்டர் மூணாவது. ஃப்யூஸ் மட்டும் கடைசி வரைக்கும் போகல, 30 ஆம்பியர் ஃப்யூஸுக்கு 16, 19 எல்லாம் ஒரு பொருட்டே இல்ல. ஃப்யூஸ் நல்லா இருக்குன்னா வயரிங் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல.

அந்த டாகிள் சுவிட்ச் லைன் தனி கொடுமை. இக்னிஷன் சுவிட்ச்ல இருந்து மெலிசான வயர்ல, ரிலே இல்லாம, ஃப்யூஸ் இல்லாம இந்த மோட்டாருக்கு போகுது. கையில பிடிச்சா சுடுது. எர்த் அதே பழைய எர்த்துதான், அதனால அந்த சுவிட்சை போட்டும் மலையில ஹீட் ஆனதுல ஆச்சரியமே இல்ல. டைரக்ட் குடுக்கறதை நான் அடியோட வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ராத்திரி நடுவழில நின்னா வீடு வந்து சேர அது ஒரு வழி, நானே குடுத்து அனுப்பியிருக்கேன், ஆனா அதுக்கும் தடி வயரும் ஃப்யூஸும் வேணும், வீடு வந்ததும் கழட்டணும். அதையே ரிப்பேர்னு பில் போடறதுதான் எனக்கு ஆகாது. பேட்டரில இருந்து நேரா எடுத்த லைன்னா நிறுத்த மறந்தா பேட்டரி காலி, வயர் உருகினா டேஷ்போர்டுக்குள்ள நெருப்பு.

வேலைக்கு வருவோம். சார் மொதல்ல "கார்பன், புஷ் மட்டும் மாத்தி ஓட்டலாமா தம்பி?"ன்னு கேட்டார். நம்ம ஊர்ல அதுக்கு ஆள் பஞ்சம் கிடையாது, மோட்டார் ரீவைண்டிங்கே தெருவுக்கு தெரு நடக்கற ஊர் இது. கம்யூட்டேட்டர் நல்லா இருந்திருந்தா நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். பள்ளம் விழுந்த கம்யூட்டேட்டர்ல புது கார்பன் சீக்கிரம் தின்னுபோகும், லேத்ல கடைஞ்சாலும் ஆர்மேச்சர் உரசின கணக்கு வேற இருக்கு, அதனால மோட்டாரே புதுசு போட்டோம், ரெசிஸ்டரும் புதுசு. பேட்டரி மைனஸை கழட்டிட்டுதான் வேலையே ஆரம்பிச்சேன். ரிலே சாக்கெட்ல வெந்த டெர்மினலை வெட்டி எடுத்துட்டு, புது சாக்கெட் போட்டு, வயர் கருகாத இடம் வரைக்கும் பின்னாடி போய் கிரிம்ப் பண்ணி ஸ்லீவ் போட்டேன். கருகின செம்பு மேல ஈயம் பிடிக்காது, கிரிம்பும் நிக்காது, பளபளன்னு செம்பு தெரியற வரைக்கும் வெட்டித்தான் ஆகணும். எர்த்துக்கு பாடி பக்கம் பெயிண்ட், துரு எல்லாம் தேய்ச்சு வெள்ளை இரும்பு தெரிய வச்சு, புது லக், 4 ஸ்கொயர் எம்எம் வயர், போல்ட் இறுக்கினதுக்கு அப்புறம் மேலாப்ல கிரீஸ். டாகிள் லைன் முழுசா வெளிய.

புது மோட்டார் போட்டதும் மறுபடி அதே தாள் டெஸ்ட். இதை விடக்கூடாது, வெளி மார்க்கெட் மோட்டார்ல சிலது வயர் கலர் மாறி வரும், பிளஸ் மைனஸ் மாறிட்டா ஃபேன் தலைகீழா சுத்தி காத்தை முன்னாடி தள்ளும். பாக்கறதுக்கு ஜம்முன்னு சுத்தும், வண்டி ஓடும்போது எதிர் காத்தோட சண்டை போடும், நின்னாதான் ஹீட் ஆகும்னு இருந்த வண்டி ஓடும்போதும் ஹீட் ஆக ஆரம்பிக்கும். இதுல தாள் சப்புன்னு போய் ஒட்டிக்கிச்சு, ஒட்டினது விழவே இல்ல.

தெர்மோஸ்டாட்டை வாங்கி அது இடத்துல வச்சேன், டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்டும் பாதிக்கு பாதி, ஹீட்டரை ஆன்ல வச்சு ஏர் எடுத்தாச்சு. வெறும் தண்ணி ஊத்தி ஓட்டறவங்களுக்கு ஒரு விஷயம், ஊட்டி உயரத்துல திறந்த பாத்திரத்துல தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சுரும். ரேடியேட்டர் கேப் குடுக்கற பிரஷர் வெளி காத்தோட பிரஷருக்கு மேலதான் கணக்கு, அதனால மேல ஏற ஏற வண்டிக்குள்ள இருக்கற தண்ணிக்கும் கொதிநிலை இறங்கிட்டேதான் வரும். கூலன்ட் கலந்தா அதுல கொஞ்சம் டிகிரி திரும்ப கிடைக்கும், துரு பிடிக்காம இருக்கறது வேற லாபம்.

கடைசி ரீடிங். இன்ஜின் ஓடும்போது பேட்டரி 13.9, ஹை ஸ்பீட்ல மோட்டார் முனையில 13.5, பிளஸ் சைடு டிராப் 0.3, எர்த் 0.1, கரண்ட் 11 ஆம்பியர். ஏசி ஆன் பண்ணினதும் லோ ஸ்பீடு உடனே கிளம்புது. மத்தியான வெயில்ல ஏசி போட்டு வண்டியை நிறுத்தி வச்சே பாத்தோம், 92ல இருந்து 98க்குள்ள ஏறி இறங்கிட்டே இருந்துச்சு, ஹை ரிலே விழவே தேவைப்படல. அப்புறம் சார் குடும்பத்தோட ஏசி போட்டே குன்னூர் ஏறிட்டு மேல இருந்து போன் பண்ணினார், "முள் பாதிக்கு மேல வரவே இல்ல தம்பி, பர்லியார்ல டீக்குதான் நிறுத்தினோம், வண்டிக்காக நிறுத்தல".

இதே முறையை அப்படியே எல்லா வண்டிக்கும் போடாதீங்க. புது மாடல் நிறையத்துல ரிலே ரெசிஸ்டர் கிடையாது, ஃபேன் பக்கத்துலயே ஒரு கண்ட்ரோல் மாட்யூல் இருக்கும், ஈசியு அதுக்கு பிடபிள்யூஎம் சிக்னல் (வேகமா ஆன் ஆஃப் ஆகிட்டே இருக்கற சிக்னல்) அனுப்பி ஸ்பீடை கூட்டிக் குறைக்கும். அங்க மோட்டார் முனையில சாதாரண மீட்டர் காட்டற 8 வோல்ட், 9 வோல்ட் டிராப் இல்ல, விட்டு விட்டு வர்ற கரண்ட்டோட சராசரி. அதை பாத்து வயரிங்கை வெட்ட ஆரம்பிச்சிடாதீங்க, மாட்யூலுக்கு உள்ள வர்ற பிளஸ்லயும் எர்த்துலயும் லோடோட டிராப் பாருங்க, சிக்னல் லைனை ஸ்கோப்ல (சிக்னலை படமா காட்டற கருவி) பாருங்க, மோட்டாரை தனியா கழட்டி ஃப்யூஸ் போட்ட வயர்ல ஓட்டி ஆம்பியர் பாருங்க. ஈசியுல இருந்து வர்ற சிக்னல் வயர்ல மட்டும் பேட்டரி கரண்ட்டை தொட்டுடாதீங்க.